அப்பாவின் கடைசித் தொகுப்பு

கவிஞர் கண்ணை மூடி வருஷம் திரும்புவதற்குள் அவருடைய கடைசித் தொகுப்பு வந்துவிட்டது. ஊரே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. அவருடைய மகளுக்கு மட்டும் அந்தப் புத்தகத்தைப் பார்த்தாலே வயிறு எரிந்தது.

கடைசிக் காலத்தில் கவிஞருக்குக் கை நடுக்கம். கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தபடி அவர் சொல்வார், மகள் தட்டச்சு செய்வாள். பாதியில் மனசு மாறினால் தாளை உருவி எறியச் சொல்வார். மனுஷருக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மனசு மாறும். நல்ல தாள் வீணாகிறதே என்று, அவர் தூங்கும் மத்தியான வேளைகளில் அதே தாள்களின் பின்பக்கத்தில் அவள் தன் கவிதைகளை அடித்துவைத்தாள். அப்பாவின் தாள்களோடு தாளாக அலமாரியில் செருகிவைத்தாள், யாரிடமும் காட்டவில்லை. வீட்டுக்கு ஒரு கவிஞர் படுத்தும் பாடே போதும் என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வாள்.

அப்பாவை அடக்கம் செய்த வாரம் அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். தம்பி அலமாரியைத் துடைத்தெடுத்துப் பதிப்பாளரிடம் கொடுத்துவிட்டு வந்தான். அங்கே புரட்டிப் பார்த்தவர்களுக்கு முன்பக்கம் அரைகுறையாக இருந்தது, பின்பக்கம் முழுசாக இருந்தது. பின்பக்கம்தான் கவிஞர் திருத்திய பிரதி என்று முடிவு கட்டிவிட்டார்கள். இப்படியாகப் புத்தகத்தில் பாதி அவளுடையது. விமர்சகர்கள் வாய் ஓயாமல் புகழ்ந்ததும் அந்தப் பாதியைத்தான். தள்ளாத வயதிலும் ஒரு பெண்ணின் மனசுக்குள் இப்படிப் புகுந்து வர இவரை விட்டால் யார் என்று ஒருவர் உருகியிருந்தார்.

அவள் பதிப்பாளரிடம் போய் நின்றாள்.

“பின்பக்கம் இருந்ததெல்லாம் நான் எழுதினது சார்.”

அவர் கெட்டவர் இல்லை. உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்தார். “அப்பா சொல்லச் சொல்ல நீங்கதானம்மா டைப் பண்ணீங்க? கேட்டுக் கேட்டு உங்களுதுன்னே தோணிடுச்சு. துக்கம் இப்படியெல்லாம் பண்ணும்.”

“அதுல ஒரு வரிகூட அவர் சொல்லல சார்.”

“நீங்க எழுதி யாராவது பாத்திருக்காங்களா?”

யாரும் பார்த்ததில்லை. அவ்வளவு பத்திரமாக ஒளித்து வைத்திருந்தாள்.

தம்பி வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டான். “ஏன்க்கா, செத்தவர சந்தி சிரிக்க வைக்கப் போறியா? அப்பா பேரு என்ன ஆகும்?”

“என் பேருடா?”

“உனக்கு ஏதுக்கா பேரு?”

குத்திக் காட்டவேண்டும் என்று அவன் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான்.

இருந்தும் ஒரு நப்பாசை விடவில்லை. இனிமேல் எழுதுவதாவது தன்னுடையதாக இருக்குமே. மூன்று மாதம் ஒரே கவிதையோடு மல்லுக்கட்டினாள். புனைபெயர் போட்டு ஒரு பத்திரிகைக்கு அனுப்பினாள். ஆசிரியரே போன் செய்தார்.

“கை நல்லா ஓடுதும்மா உங்களுக்கு. ஆனா எந்த வரியத் தொட்டாலும் கவிஞரோட கடைசித் தொகுப்புதான் ஞாபகம் வருது. அவர மாதிரி எழுத இன்னொருத்தர் எதுக்கு, சொல்லுங்க? சொந்தமா ஏதாவது எழுதிப் பாருங்க.”

“சரிங்க” என்று சொல்லி அவள் போனை வைத்தாள். ஆசிரியர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அப்படி எழுத ஏற்கெனவே ஒருத்தர் இருந்தார், அவர் செத்தும் போய்விட்டார்.