இரண்டு கொடி நட்ட குடிசைகள்

ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்து ஐந்து வருஷமாகியும் எண்ணூரில் நாங்கள் ‘பர்மாக்காரங்க’தான். ஓடைக்கரையில் முப்பது குடிசை. என் வீட்டுக்காரர் லூயிஸும் மற்ற ஆண்களும் பக்கத்து ரசாயன ஆலையில் மூட்டை தூக்கினார்கள்.

மாசியில் ஓடை மீனெல்லாம் செத்து மிதந்தது. தேர்தல் நேரம் வேறு, கேட்க வேண்டுமா! ஒரு கட்சிக்காரர் பரசுராமன் மைக்கைப் பிடித்தார்.

“பர்மாக்காரன் வந்தான், ஓடையக் கலீஜ் பண்ட்டான். குடிசையத் தூக்கு!”

எதிர்க்கட்சி ஹென்றி அடுத்த தெருவில் கத்தினார். “ஆலைத் தண்ணிதான் மீனை சாவடிக்குது. ஆலைய மூடு!”

இவர் பேச்சு நடந்தால் வீடு போகும், அவர் பேச்சு நடந்தால் சோறு போகும். ஆலைக் கழிவை மட்டும் சுத்தம் பண்ணு என்று சொல்ல ஒரு நாதியில்லை. ஆலைப் புகையில் என் மகள் இருமிக்கொண்டே கிடந்தாள்.

இந்த ஊரில் குடிசைக்குப் பட்டா என்றால் அது கட்சிக்கொடிதான். கொடி பறந்தால் இடிக்க வருகிறவன் யோசிப்பான்.

“பரசுராமன் கொடிய நடுவோம். நம்மளை அவர் ஆளுன்னு விட்டுடுவார், வேலையும் போகாது” என்றார் லூயிஸ்.

“குடிசைக்குப் பரிஞ்சு பேசுறவர் ஹென்றிதானே?” என்றேன்.

கடைசியில் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று, குடிசை வரிசையின் கோடிக்கு ஒன்றாக இரண்டையும் நட்டோம். பெரிய புத்திசாலிகள் நாங்கள்!

பங்குனியில் ஒரு காலை அதிகாரி கடப்பாரை ஆட்களோடு வந்துவிட்டார். “உள்ளூர்த் தலைவர் ஒருத்தர் பொறுப்பேத்துக் கையெழுத்துப் போட்டா திரும்பிடறேன்” என்றார். ஆள் விட்டோம். முப்பது குடிசை ஓட்டு யாருக்குக் கசக்கும்? இருவருமே வந்தார்கள்.

பேனாவை எடுத்த ஹென்றி எதிர்க்கோடியைப் பார்த்தார். “அவன் கொடி இன்னாத்துக்கு இங்க கீது? அத்த இறக்கு, அப்பால போடறேன்.”

“என் கொடில கை வெச்சுப் பாரு மாமு” என்றார் பரசுராமன். “மொதல்ல அவன் கொடிய இறக்கு, நான் போடறேன்.”

ஒன்றை இறக்கினால் கலவரம், இரண்டும் நின்றால் கையெழுத்தில்லை. ஆண்கள் தலையைச் சொறிந்தார்கள். உங்கள் நாட்டுக்குப் போ என்று பர்மாவில் சொன்னார்கள், வந்தோம். இங்கேயிருந்து எங்கே போவது? ஓடிப்போய் இரண்டு கயிற்றையும் அவிழ்த்தேன். கொடிகளைத் தரையில் படாமல் மடித்து அவரவர் கையில் கொடுத்தேன்.

“இப்ப ரெண்டுமே இல்லை. யாராவது ஒருத்தர் போடுங்க ஐயா.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கொடியவே இறக்கிட்டாளே!” என்றார் ஹென்றி.

“திமிரப் பாத்தியா நைனா!” என்றார் பரசுராமன்.

இடிக்க ஆட்சேபணையில்லை என்று அதிகாரி எழுதி நீட்டிய தாளில் இருவரும் ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கூரை சரிந்தபோது ஆலைச் சங்கு ஊதியது. லூயிஸ் வேலைக்கு ஓடுவதா, பானை சட்டியை எடுப்பதா என்று தெரியாமல் நடுவில் நின்றார்.