இரண்டு பேருக்கு ஒரு பூட்டு

புருஷன் போனதிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. துணிக்கடைக்குப் போவாள், வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்டதையெல்லாம் மடித்து அடுக்குவாள், வீட்டுக்கு வந்து மாமியாருக்குக் கால் பிடித்துவிடுவாள். படுக்கும் முன் கண்ணை மூடிக் கைகூப்பி உட்காருவாள். எல்லாம் பழக்க தோஷம். முன்பெல்லாம் கடவுளுக்கே காது வலிக்கிற அளவுக்கு அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்பாள். இப்போது கேட்பதற்கு ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்துவிடுவாள்.

ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்குக் குறைச்சலே இல்லை. "நல்லவங்களைத்தான் கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்குவாரு" என்றார் கீழ்வீட்டுக்காரர். அந்தக் கணக்குப்படி பார்த்தால் அவருக்கு நூறு வயது நிச்சயம். துன்பம் மனுஷரைப் புடம் போடும் என்றாள் இன்னொருத்தி, காபியை ஆற்றிக் குடித்துக்கொண்டே. அவள் எல்லாருக்கும் தலையாட்டி வைத்தாள்.

நடந்தது இதுதான். அவள் புருஷனும் அவளுடைய அண்ணனும் ஒரே கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக்குகள். லிஃப்ட் குழிக்குள் இறங்குகிற ஆள் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பூட்டு. மற்றவர்கள் அப்படித்தான் செய்தார்கள். இவர்கள்தான் மச்சானும் மாப்பிள்ளையும் ஆயிற்றே! நமக்குள்ளே என்ன, ஒரு பூட்டு போதாதா என்று இருந்துவிட்டார்கள். அன்றைக்கு முதலில் ஏறி வந்து, மாப்பிள்ளையின் கருவிப் பை வெளியே கிடப்பதைப் பார்த்த அண்ணன், மாப்பிள்ளை ஏறி வந்துவிட்டான் என்று நினைத்தான். தன் பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டான். மாப்பிள்ளை இன்னும் உள்ளேதான் இருந்தான்.

அதற்குப் பிறகு அண்ணன் அவள் வாசலை மிதிக்கவில்லை. அவளும் வா என்று சொல்லி அனுப்பவில்லை.

இப்படி இருக்கையில் அவர்கள் கட்டடத்து லிஃப்டே நின்றுபோனது. வீடு ஐந்தாவது மாடியில். மாமியாருக்கு முழங்கால் மடங்காது. ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். கம்பெனி அனுப்பிய ஆள் மூச்சு வாங்கப் படியேறி வந்து நின்றான். பார்த்தால் அண்ணன். ஆள் பாதியாகியிருந்தான்.

"வேற ஆள் இல்லன்னுட்டாங்க. நீ வேண்டாம்னா திரும்பிப் போயிடறேன்மா."

வாசல் நாற்காலியில் இருந்த மாமியார்தான் பேசினாள்: "வந்தவன் வேலையைப் பாக்கட்டும். என் பிள்ளை போனது போதாதா, நானும் இந்த மாடியிலேயே வேர் விடணுமா?"

அண்ணன் படியோரம் இருந்த மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டை மாட்டினான்.

"கூட வர்ற ஆளு எங்க?" என்றாள் அவள்.

"என்கூட யாரும் வர மாட்டேங்கறாங்க."

அவள் உள்ளே போனாள். பீரோவைத் திறந்து, புருஷனுக்குக் கம்பெனி கொடுத்திருந்த பூட்டை எடுத்து வந்தாள். அவன் அதை ஒருநாளும் மாட்டியதில்லை. புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. அண்ணனின் பூட்டுக்குப் பக்கத்தில் அதையும் மாட்டிப் பூட்டினாள்.

"நீ வெளிய வந்து என் முன்னாடி நிக்கற வரைக்கும் இதைத் திறக்க மாட்டேன். போ."

அவன் கதவை நெம்பித் திறந்து லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் இறங்கினான்.

அவள் சுவிட்சுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். பூட்டு போட்டதுகூடக் கடை வேலை மாதிரி ஒரு வேலைதான். அண்ணன்மேல் பாசமா, வெறுப்பா என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. உள்ளே கம்பி உரசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு நினைப்பு வந்தது: அவனும் போய்ச் சேர்ந்தால் என்ன? அது அவளுடைய நினைப்புதான். அதைக் கண்டு அவளுக்கே உடம்பு கூசியது.

அப்போது உள்ளே தடாலென்று ஏதோ விழுந்து, அடிவரைக்கும் மோதிக்கொண்டே போனது.

"கடவுளே, எங்கண்ணன்! அவனைக் காப்பாத்து!"

குரல் தன்னுடையது என்பதே அவளுக்குப் பிறகுதான் புரிந்தது. இத்தனை மாதம் கழித்து அவள் கடவுளிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே காரியம், தன் தாலியைப் பறித்த கைக்காக.

"ஸ்பேனர்மா! ஸ்பேனர்தான் விழுந்துச்சு!" என்று உள்ளேயிருந்து கத்தினான் அண்ணன். "நான் நல்லா இருக்கேன்!"

அவ்வளவுதான், அவளால் அடக்க முடியவில்லை. புருஷனின் உடம்பைப் பார்த்தபோது வராத அழுகை, அண்ணன் உயிரோடிருக்கிற குரலைக் கேட்டு வந்தது. சாவியை மாரோடு இறுக்கிக்கொண்டு, பக்கத்து வீடுகள் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும்படி அழுதாள்.

"வேலை கிடக்கட்டும். நீ முதல்ல வெளிய வா அண்ணா" என்றாள். "வெளிய வா."