ஔதக்குட்டியின் தலையணை

பைலி ஆசானோடு நடிக்க வேண்டும் என்று டைரக்டர் ஜெரின் போனில் சொன்னதுமே ஏலியாம்மா முடியாது என்றுவிட்டாள்.

"அந்தாளு இருக்குற எடத்துல நான் நிக்க மாட்டேன் மோனே. வேற யாரையாவது பாத்துக்கோ."

"சேச்சி, முழுசாக் கேளுங்க. ஆசானுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் மொத்தமா விழுந்துடுச்சு. பேச்சும் போயிடுச்சு. படத்துல கட்டில்ல படுத்துக் கெடக்கணும், அவ்வளவுதான். ஒரு வசனம்கூடக் கெடையாது."

"வசனம் இல்லாத பைலியா?" என்று ஏலியாம்மா சிரித்துவிட்டாள். அதைப் பார்ப்பதற்காகவே போகலாம் என்று தோன்றியது. ஒப்புக்கொண்டாள்.

முப்பத்திரண்டு வருடப் பகை அது. சங்கனாச்சேரியில் இருந்த ஒரு நாடகக் குழுவில் இருவரும் ஒன்றாக இருந்தார்கள். மேடையில் தன்னைத் தவிர வேறு யாருக்காவது சனம் சிரித்தால் பைலிக்குப் பொறுக்காது. ஒரு நாடகத்தில் ஏலியாம்மாவுக்கு அருமையான வசனம் ஒன்று வாய்த்தது. அவள் அதைச் சொல்ல வாயெடுக்கும் நேரம் பார்த்து, பின்னால் நின்ற பைலி தன் வேட்டியை அவிழ்த்துக் கட்டுவார். தேவாலயப் பெருநாள் கூட்டம் அவரைப் பார்த்து உருண்டு புரளும். அவள் வசனம் காற்றோடு போகும். பதினோரு ஊரில் இப்படியே நடந்தது. பன்னிரண்டாவது ஊரில் அவள் பாதி நாடகத்தில் மேடையை விட்டு இறங்கி, வேஷத்தைக்கூடக் கலைக்காமல் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். அதன்பிறகு அந்த முகத்தில் விழிக்கவே இல்லை.

படப்பிடிப்பு காஞ்சிரப்பள்ளிக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்ட வீட்டில். கதை இதுதான்: பெரிய தோட்ட முதலாளி ஔதக்குட்டி படுத்த படுக்கையாகிவிடுகிறார். பிள்ளை குட்டி கிடையாது. உயில் அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட, தங்கையும் அவள் பிள்ளைகளும் பணிவிடை செய்ய முண்டியடித்துக்கொண்டு வருகிறார்கள். ஔதக்குட்டியாகப் பைலி. தங்கை மறியக்குட்டியாக ஏலியாம்மா.

சக்கர நாற்காலியில் பைலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள் அவர் மகள் ஜான்சி. துவைத்துப் பிழிந்து போட்ட துணி மாதிரி இருந்தார். கடைவாயில் எச்சில். வலது கண் ஓயாமல் நீர் வடித்துத் துடித்துக்கொண்டிருந்தது. இந்த மனுஷனுக்காகவா இத்தனை வருடம் பாதை மாறி நடந்தோம் என்று ஏலியாம்மாவுக்கு வெறுமையாகிவிட்டது.

அந்த வெறுமை முதல் ஷாட் வரைக்கும்தான். தங்கை மகனாக நடித்த ஷிபு, போர்வையைச் சரிசெய்கிற சாக்கில் தலையணைக்கு அடியில் கையை விட்டான். பைலியின் தலை மெல்லச் சரிந்து அந்தக் கையின் மேல் உட்கார்ந்தது. ஷிபு இழுக்கிறான், கை வரவில்லை. கதையில் இல்லாத விஷயம் இது. லைட்மேன் பக்கென்று சிரித்து டேக் வீணாயிற்று. மறுபடி எடுத்தார்கள். தலை அதே இடத்தில், அதே நேரத்தில், அதே அளவு சரிந்தது. ஜெரின் சிரிப்பை அடக்கக் கழுத்துத் துண்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

'கிழவன் திருந்தவே இல்லை. சாகக் கிடந்தாலும் அடுத்தவன் சீனில் திருட்டுத்தான்' என்று நினைத்துக்கொண்டாள் ஏலியாம்மா.

சாப்பாட்டுக்குப் பிறகு அவள் முறை. கட்டிலருகே உட்கார்ந்து, கேமரா ஓடுவதற்கு முன் அவர் காதோரம் குனிந்தாள்.

"ஆசானே, எனக்கு வர வேண்டிய சிரிப்புல கை வைக்காதீங்க. இந்தத் தடவ நான் பஸ் ஏறிப் போக மாட்டேன்."

இடது கண் அவளை ஒரு கணம் பார்த்தது. பிறகு கூரைக்குப் போய்விட்டது.

"ஆக்ஷன்!"

"ஒரு வாய் குடிங்க அச்சாயா. நீங்க போயிட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று அண்ணனிடம் விம்மிக்கொண்டே அவள் வலது கையால் கஞ்சி ஊட்ட, இடது கை தலையணைக்கு அடியில் ஊர்ந்தது. பைலியின் வாய் மூடிக்கொண்டது. அவள் இடது கையை நிறுத்தினாள். வாய் திறந்தது. கை நகர்ந்தது. வாய் மூடியது. மூன்றாவது தடவையில் அவளுக்கு விளங்கிவிட்டது. கஞ்சி உள்ளே போக வேண்டுமானால் தேடுவதை நிறுத்த வேண்டும். தேட வேண்டுமானால் கஞ்சி அந்தரத்தில் நிற்கும். கரண்டியை நீட்டுவாள், தவிப்பாள், கையைத் துழாவுவாள், கஞ்சி சிந்தும், அதைத் தன் முந்தானையாலேயே துடைத்து அழுவாள். ஒத்திகையில் யோசித்தே பார்க்காத தவிப்பெல்லாம் அவள் முகத்தில் தானாக வந்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள்.

கடைசி வசனம் வந்தது. "தலையணை குத்துதா அச்சாயா? ஒரு கையெழுத்துப் போட்டா மாத்திடலாம்."

அறை வெடித்தது. கட் சொல்ல ஜெரினுக்குக் குரல் வரவில்லை. மைக் பிடித்திருந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஏலியாம்மா எழுந்துபோய் மானிட்டரில் போட்டுக்காட்டச் சொன்னாள். தன்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். வசனம் தொடங்கும்போது அந்த உடம்பு கல்லாகிவிட்டது. ஓயாமல் துடிக்கும் வலது இமைகூட நின்றிருந்தது. இடது கண் மட்டும் கூரையிலிருந்து இறங்கி அவள் முகத்துக்கு வந்து, அங்கேயே நின்றது. பார்க்கிறவர்கள் எங்கே பார்க்க வேண்டும் என்று அந்தக் கண் சொல்லிக்கொடுத்தது. "ஷிபுவோடதையும் போடு மோனே" என்றாள். அதிலும் அப்படித்தான். சிரிப்பு முழுவதும் ஷிபு முகத்தில். ஆசான் வெறும் பாரமாக மட்டும் இருந்தார்.

வெளியே ஜான்சி கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வலது இமைய எப்படி நிறுத்துனாரு?" என்று கேட்டாள் ஏலியாம்மா.

"ஏழு மாசம் கண்ணாடி முன்னாடிதான் இருந்தாரு சேச்சி. எது சொன்ன பேச்சக் கேக்குது, எது கேக்கலன்னு பாத்துப் பாத்து. அந்த இமைய ஆறு நொடி நிறுத்தலாம், அதுக்கு மேல முடியாது. வாயும் இடது பக்க உதடும் சொன்னாக் கேக்கும், கழுத்து இடது பக்கம் நாலு விரல் சாயும். மிச்சம் இருக்குறது அவ்வளவுதான்."

"கதை தெரியுமா அவருக்கு?"

"நான்தான் வாசிச்சுக் காட்டுவேன். கண்ண மூடினா திரும்ப வாசின்னு அர்த்தம். அந்தத் தலையணை வசனம் வரும்போது மூடிக்கிட்டே இருப்பாரு. ஒரே நாள்ல நாப்பது தடவ வாசிச்சிருக்கேன். என் தொண்டையே போச்சு."

"அது என் வசனமாச்சே."

"ஆமா. எத்தன நொடி ஆகும்னு கணக்குப் பாத்திருப்பாருன்னு நெனக்கிறேன்."

மேடையில் ஐம்பது வருடம் கத்திக் குதித்து ஆண்ட மனுஷன், மிஞ்சிய நாலு விரல் கழுத்தையும் ஆறு நொடி இமையையும் வைத்து இப்படி ஒரு காரியம் செய்ய முடியுமா? யாரிடம் கற்றார் இதை? ரப்பர் மரங்களுக்கு நடுவே போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றாள். பெரிய தேவாலயத்துக்குள் முதன்முதலாக நுழைந்த பிள்ளையைப் போல இருந்தது அவளுக்கு.

மிச்சம் ஒன்பது நாளும், தன் சீன் இல்லாதபோதும் அவள் கட்டிலுக்கு நேர் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

படம் ஓணத்துக்கு வந்தது. கோட்டயத்தில் மேட்னி காட்சிக்கு ஆசானையும் கூட்டி வந்தார்கள். நடைபாதை ஓரம் சக்கர நாற்காலி, பக்கத்தில் ஏலியாம்மா. தலையணை வசனம் வந்தபோது கொட்டகை கூரையைப் பிய்த்துக்கொண்டு சிரித்தது. அடுத்து வந்த மூன்று வசனம் யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் அவள் கண் திரையின் ஓரத்தில்தான் இருந்தது. அங்கே, யாருமே கவனிக்காத ஒரு கிழவர் அசையாமல் கிடந்தார்.

முன் வரிசையில் ஒருவன் மனைவியிடம் கேட்டான்: "கட்டில்ல கெடக்குறது நெசமாவே நோயாளியா, இல்ல நடிகரா?"

"யாரோ படுத்திருக்காங்க. நீங்க அந்தப் பொம்பளையப் பாருங்க, என்னமா பண்றா!"

ஏலியாம்மா சட்டென்று ஆசான் பக்கம் திரும்பினாள். அந்தப் பேச்சு அவர் காதிலும் விழுந்திருந்தது. சொன்ன பேச்சைக் கேட்கும் இடது பாதி உதடு மேலே ஏறி நின்றது, இறங்கவே இல்லை.