பல் பதிந்த இடம்

கார்க்கைத் தேய்த்ததோடு நிறுத்தியிருக்கலாம்... என் சாக்ஸபோனின் கழுத்தில் ஒட்டியிருக்கிற கார்க் கொஞ்சம் தடிமன், அண்ணனின் மவுத்பீஸ், வாயில் வைத்து ஊதுகிற கறுப்பு ரப்பர் முனை, அதில் ஏறவில்லை, சரி, உப்புத்தாளை வளைத்துப் பிடித்து கார்க்கை மெல்ல மெல்லத் தேய்த்தேன், தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு, திருகினால் அழகாய் ஏறி உட்கார்ந்தது, ஆடவில்லை, காற்று கசியவில்லை, அத்தோடு எழுந்து கையைக் கழுவிவிட்டு ஒரு கட்டஞ்சாயா குடிக்கப் போயிருந்தால் யாருக்கு என்ன கேடு? மாட்டேனே. இந்தக் கை சும்மா கிடக்குமா, முப்பது வருஷமாக காரின் நெளிவுகளைத் தட்டி நிமிர்த்தி, பட்டி போட்டு, வாட்டர் பேப்பரால் தேய்த்துப் பெயிண்ட் அடிக்கிற கை. எங்கேயாவது ஒரு பள்ளம் தட்டுப்பட்டால் அதற்கு இருப்புக்கொள்ளாது.

நாளைக்கு ஜெபசீலன் அண்ணன் போய் ஒரு வருஷம். வீட்டில் ஜெபக்கூட்டம், பாஸ்டர் வருகிறார், பாடகர் குழு வருகிறது, அண்ணன் ஊதிக்கொண்டிருந்த சாக்ஸபோன் சபைக்குச் சொந்தம், அடக்கம் முடிந்த மறுவாரமே அது கோயிலுக்குத் திரும்பிப் போய்விட்டது, மவுத்பீஸ் மட்டும் அவன் சொந்தமாக வாங்கியது, அதனால் அவன் மனைவி, பூங்கனி மைனியிடம் தங்கியது. அவள்தான் நேற்று அலமாரியைத் திறந்து எடுத்துத் தந்தாள். "உங்க அண்ணன் வாய் வச்சது மக்கா, நாளைக்கழிச்சு இதை வச்சு ஒரு பாட்டு ஊது, அவரே ஊதுன மாதிரி இருக்கும் எனக்கு" என்றாள். கைக்குட்டையைப் பிரித்து, கட்டைவிரலால் அதன் மேல்புறத்தை ஒருமுறை தடவிவிட்டுத்தான் என் கையில் வைத்தாள், தூசி துடைக்கிறாள் என்று நினைத்தேன், மண்டையில் என்ன இருந்தது எனக்கு... பூங்கனி மைனி ஒரு பொருளைத் தூசியோடா அலமாரியில் வைத்திருப்பாள்?

கார்க் சரியானதும் ஊதிப் பார்த்தேன், அங்கேதான் வந்தது வினை. மேல்பல் வைக்கிற இடத்தில் இரண்டு குழி, இருபது வருஷம் அவன் கடித்துக் கடித்து விழுந்தது, இடப்பக்கம் ஆழம், வலப்பக்கம் லேசான கீறல், ஏனென்றால் அந்தப் பக்கத்துப் பல் பாதிதான், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது முட்டத்துப் பாறையில் வழுக்கி விழுந்து உடைத்துக்கொண்டது, அதற்காக அப்பாவிடம் அடி வேறு வாங்கினான். என் பல் அந்தக் குழிக்குள் சறுக்கிச் சறுக்கிப் போனது, வாய் கோணியது, சுருதி கீச்சென்று எகிறியது, அவன் வாய்க்குள் என் வாயைத் திணித்தது போல ஒரு சங்கடம். உடனே அவன் குரல் காதுக்குள் கேட்டது, "ஏலே ஆபேல், அதை வையி, அது எனக்க வாய்க்குப் பழகினது." எத்தனை தடவை சொல்லியிருப்பான், பாடகர் குழுவில் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறான், அவனுக்கு முதல் வரிசை, எனக்கு அவன் முதுகு. சுர்ரென்று கோபம் வந்தது, செத்தவன்மேல் கோபப்படலாமா என்றால், வந்துவிட்டதே. வாட்டர் பேப்பரை நனைத்தேன்.

தேய்க்கத் தேய்க்க ரப்பர் ஷீட் புகைபோடுகிற கூட்டுக்குள் நிற்கிற வாசனை வந்தது, கறுப்புத் தண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது, மேடு இறங்கியது, குழி ஆழம் குறைந்தது, விரலால் தடவிப் பார்த்து, திரும்பத் தேய்த்து, ஒரு காரின் கதவைச் சரிபண்ணுகிற சந்தோஷம்தான், அதை மறைப்பானேன். பளபளவென்று வந்தபிறகு துணியால் துடைத்து வாயில் வைத்தேன். என் பல் நேராக உட்கார்ந்தது. ஊதினேன், தெளிவான சுரம், என்னுடைய சுரம்... அப்போதுதான் மைனி சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. அவரே ஊதுன மாதிரி இருக்கும் என்றாளே, அதில் அவர் எங்கே?

ஒரு துண்டு சைக்கிள் டியூப் வெட்டி மேலே ஒட்டியிருந்தால் போதும். குழியும் இருந்திருக்கும், என் பல்லும் நின்றிருக்கும், நாளைக்கு ஊதி முடித்ததும் உரித்து எறிந்துவிட்டு அப்படியே கொடுத்திருக்கலாம். டியூப் இந்த ஷெட்டில்தானே ஆணியில் தொங்குகிறது, கண்ணுக்கு நேரே. இப்போது ஆணியைச் சூடாக்கிக் குழி வைக்கலாமா? அது ஆணியின் குழி. பட்டியோ பெயிண்டோ இதற்கு ஆகாது, நான் கற்ற வேலை எதுவும் ஆகாது. பலங்கொண்ட மட்டும் கடித்துப் பார்த்தேன், பல் கூசியதுதான் மிச்சம்.

கேட் சத்தம். மைனி தோவாளையில் இறங்கி, அண்ணன் படத்துக்குப் போட பிச்சிப்பூ வாங்கிக்கொண்டு நேரே இங்கே வந்திருக்கிறாள், புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். "சரியாச்சா மக்கா? பொருந்திச்சா?" பொருந்திவிட்டது மைனி என்றேன். கையை நீட்டினாள். கொடுக்காமல் இருக்க ஏதாவது காரணம் சொல்லியிருக்கலாம், ஈரமாக இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, ஒன்றும் தோன்றவில்லை, கொடுத்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தாள், பாஸ்டர் எப்போது வருவார், சாப்பாட்டுக்கு எத்தனை பேர்... அவளுடைய கட்டைவிரல் மட்டும் தன்பாட்டுக்கு மேல்புறத்துக்குப் போனது, தடவியது, நின்றது. திரும்ப முதலிலிருந்து தடவியது.

"எண்ணெ தேச்சியா மக்கா, வழுக்குது" என்றாள்.

"ஆமா மைனி."

அவள் பூப்பையைத் திறந்து வாடுகிறதா என்று பார்த்தாள். பிறகு, "ஊது, கேக்கட்டு" என்று மவுத்பீஸைத் திருப்பித் தந்தாள். மாட்டினேன், ஊதினேன், அவனுக்குப் பிடித்த ஒரு பாட்டு, ஒரு பிசிறு இல்லை, என் ஆயுசில் நான் இவ்வளவு நன்றாக ஊதியதில்லை. அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மடியில் கிடந்த வலக்கையின் கட்டைவிரல் ஆள்காட்டி விரல் நுனியை விடாமல் தடவிக்கொண்டிருந்தது, நான் பாட்டை முடிக்காமல் முதல் அடியையே மறுபடியும் மறுபடியும் ஊதிக்கொண்டிருந்தேன்.