அடி அண்ணாமலைக்கு அப்புறம்

எல்லையில் சண்டை மூண்டதும் வல்லரசுவின் செல்போனைப் பட்டாளத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதனால் செங்கம் சாலையில் பைக் மெக்கானிக் கடை வைத்திருந்த அவன் சிநேகிதன் முபினுக்குக் கடிதம் வர ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தை விட்டபின் முபின் கையால் எழுதியதெல்லாம் ரிப்பேர் பில்தான்.

முதல் கடிதம் முழுக்க ரொட்டியைப் பற்றிய புலம்பல். இரண்டாவதில்தான் விஷயம் வந்தது.

"பங்கர்ல படுத்தா தூக்கம் வரலடா. கண்ணை மூடிக்கிட்டு மனசுக்குள்ளயே நம்ம ஊர் மலையைச் சுத்தி கிரிவலம் நடக்கிறேன். அடி அண்ணாமலை தாண்டினதும் எந்தக் கடைக்கு அப்புறம் எந்தக் கடைன்னு குழம்பிடுது. மறுபடியும் முதல்லேர்ந்து நடக்கிறேன். குண்டு விழறதை அம்மாகிட்ட சொல்லாத."

முபின் அதை மனைவி ரசியா பேகத்திடம் நீட்டினான்.

"நேர்ல போய்ப் பார்த்து எழுதுங்க," என்றாள் அவள். "இங்க உக்காந்து யோசிச்சா வருமா?"

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு கிரிவலப் பாதையில் நடந்தே போனான். பிறந்து வளர்ந்த ஊர்தான். ஆனால் வழியில் நின்றுபோன வண்டிகளைத் தேடிப் போனதைத் தவிர, அந்தப் பாதையை அவன் நின்று பார்த்ததில்லை. ஒவ்வொரு கடை முன்னாலும் நின்று எழுதிக்கொண்டான். இளநீர் விற்கும் ராஜேந்திரனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்னப்பா, ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களா?"

"இல்லீங்க. மிலிட்டரில இருக்கிற பிரெண்டுக்கு எழுதறேன்."

"பாஞ்சாலை புள்ளைக்கா? அப்ப என் கடையைக் கொஞ்சம் ஜாஸ்தியாவே எழுது," என்று ஒரு காயைச் சீவிக் கொடுத்தார்.

வல்லரசு உயிரை விடும் போண்டாக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் தொங்கியது. எழுதலாமா, மறைக்கலாமா என்று முபின் வெகுநேரம் தயங்கினான். பிறகு உள்ளதையே எழுதினான்.

பதில் வருவதற்குள் சண்டை ஓய்ந்திருந்தது. வல்லரசுவின் அம்மா பாஞ்சாலையம்மாவின் வீட்டிலேயே வைத்து அதைப் பிரித்து உரக்கப் படித்தான்.

"நான் இங்க நாட்டைப் பார்த்துக்கிறேன். உன்னால ஒரு போண்டாக் கடையைப் பார்த்துக்க முடியலியா? ஆனா உன் லெட்டரோட நடந்தா இளநீர்க் கடை தாண்டறதுக்குள்ள தூங்கிடறேன்டா."

பாஞ்சாலையம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"அந்த போண்டாக்காரன் எங்கயும் போயிடல, முபினு. வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸ் பக்கம் கடை போட்டிருக்கான். அதை உடனே எழுது. புள்ள கவலைப்படும்."

முபின் அங்கேயே ஒரு பேனா கேட்டு வாங்கி உட்கார்ந்தான்.