கருவடிக்குப்பத்தில் மேலே வந்த தொட்டி

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் நெல்சன் தொலைபேசியில் கூப்பிட்டு, "சிந்தியாக்கா, புஸ்தகத்துல அந்த மழைக்கால வரி எங்க?" என்று கேட்டான். "எந்த வரி?" என்றேன் நான். எந்த வரி என்று எனக்கு நன்றாகத் தெரியும். "நீ எழுதிக் குடுத்ததுல அப்படி ஒண்ணு இல்லையேப்பா" என்று வேறு சொன்னேன். "அப்ப நான்தான் மறந்துட்டேன் போல" என்றான் அவன்.

எனக்குப் பொய் புதிதல்ல, கதை எழுதுகிறவள். ஆனால் நம்பி வந்த ஓர் ஆளின் தலையில் என் பழியைக் கட்டியது இதுதான் முதல் தடவை.

கருவடிக்குப்பத்தில் அஞ்சலாட்சி என்று ஓர் அம்மா இருக்கிறார். கணவர் கோவிந்தசாமி இறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. போனவர் தன்மேல் கோபத்தோடு போயிருக்கிறார் என்று அவர் நம்புகிறார். அப்படி இல்லை என்று காட்டக்கூடிய ஒரே தாள் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. நாளை, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நெல்சன் லாரியில் மண் கொண்டுவந்து அவர் வீட்டுக் கொல்லையில் இருக்கும் குழியை மூடப்போகிறான். மூடிவிட்டால் அந்த அம்மா எதை நம்புகிறாரோ அதுவே நிலைத்துவிடும்.

நான் உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "கார்த்திகை மழையில் ஊறிக் கிடந்த அந்தக் கொல்லையில்—"

நிறுத்திவிட்டேன். மழையில் தொடங்கினால் எல்லாவற்றையும் மழையே செய்ததாக ஆகிவிடும்.

இரண்டாவது: "கோவிந்தசாமி யாருக்கும் எதையும் சொல்லிவைக்காமல் போய்ச்சேர்ந்த—"

இது இன்னும் மோசம். பதில் சொல்ல முடியாத ஆளைக் கூண்டில் ஏற்றுவது.

மூன்றாவது: "நெல்சன் குழி தோண்டினான்." இதில் யார்மேலும் பழி இல்லை. வைத்துக்கொள்கிறேன்.

3

நெல்சன் குழி தோண்டினான். தட்டாஞ்சாவடியில் அவனுக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. ஃபைபர் தொட்டிகளை அங்கேயே அச்சில் செய்து, வீடுகளில் மண்ணுக்குள் இறக்கிக் கொடுப்பான்.*

(* விளம்பரத்தில் இதற்கு 'ஸ்பா' என்று பெயர். மோட்டார், ஹீட்டர், பக்கவாட்டிலிருந்து பீய்ச்சும் துளைகள் எல்லாம் உண்டு. நெல்சனுக்கும் அந்த வீட்டாருக்கும் அது தொட்டிதான். நானும் அப்படியே எழுதுகிறேன்.)

கோவிந்தசாமி விவசாயக் குடும்பம். பிறகு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அஞ்சலாட்சி இருபது வருஷம் நடவு நட்டவர். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. வெந்நீரில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

"இருபது வருசம் சேத்துத் தண்ணியில நின்னாச்சு. இன்னும் என்னைத் தண்ணியிலயே நிக்க வைக்கணுமா?" என்றார் அஞ்சலாட்சி.

"நிக்க வேணாம். உக்காரு" என்றார் கோவிந்தசாமி.

மூன்றடி போனதுமே குழியில் ஊற்று கண்டது. நெல்சன் பயப்படவில்லை, அந்தப் பக்கத்து மண் அவனுக்குப் பழக்கம். அடியில் ஜல்லி பரப்பி, மணல் போட்டு மட்டம் பார்த்து, நாலு பேரைக் கயிறு பிடிக்கவைத்துத் தொட்டியை இறக்கினான். பிறகுதான் பொறுமையான வேலை. தொட்டிக்குள் ஒரு சாண் தண்ணீர் விட்டால் வெளியே ஒரு சாண் மணல் போட வேண்டும். ஒன்று முந்தினாலும் தொட்டி கோணிவிடும். கோவிந்தசாமி பக்கத்திலேயே குந்திக்கொண்டு நாள் முழுக்க அதைப் பார்த்தார்.

வேலை முடிந்ததும் நெல்சன் அவரிடம் சொன்னான்: "ஐயா, ஐப்பசி கார்த்திகையில மட்டும் இத காலி பண்ணிடாதீங்க. உள்ள இருக்கிற தண்ணி வெயிட்டுதான் தொட்டிய கீழ அழுத்திப் புடிச்சிக்கினு இருக்கு. அது போச்சுன்னா அடியில ஊறுற தண்ணி அப்படியே மேல தூக்கிடும்."

கோவிந்தசாமி சிரித்தார். "வயக்காட்டுக்காரங்கிட்ட தண்ணி பாடம் நடத்துறியா? தெரியும் போ."

அஞ்சலாட்சி அப்போது உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்றே கால் வருஷம் அந்தத் தொட்டி அவர்களுக்கு உழைத்தது. காலையில் கோவிந்தசாமி சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மொண்டு, இரண்டு சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுவதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். வாரம் ஒரு நாள் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவார். சாயங்காலம் சூடு முப்பத்தெட்டுக்கு வந்ததும் மூடியைத் தூக்கிவைத்து மனைவியைக் கூப்பிடுவார். அஞ்சலாட்சி கழுத்தளவு நீரில் உட்கார்ந்திருப்பார். கோவிந்தசாமி மேல்படியில் உட்கார்ந்து கணுக்கால் வரை மட்டும் நனைத்துக்கொள்வார். எந்த ஸ்விட்ச் எதற்கு என்று அஞ்சலாட்சிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் இருக்கவில்லை.

4

இனி நான் வருகிறேன். தள்ளிப்போட்டது போதும்.

தொட்டி வாங்குகிறவர்களுக்குத் தமிழில் ஒரு கையேடு வேண்டும் என்று நெல்சன் என்னிடம் வந்தான். எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவன், தம்பி மாதிரி. எனக்கு வேலை எத்தா சிவில் பத்திரங்களை, அதாவது பிறப்பு இறப்பு கல்யாணப் பதிவுகளை, பிரெஞ்சிலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து பிரெஞ்சுக்கும் மாற்றுவது. ஒரு பெயரில் ஓர் எழுத்து பிசகினால் ஒரு குடும்பமே அலையும். இருபத்திரண்டு வருஷத்தில் ஓர் எழுத்தை விட்டதில்லை. (இதை எதற்குச் சொல்கிறேன்? என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளத்தான். அடித்துவிடலாம். வேண்டாம், இருக்கட்டும். அடித்தது போதும்.)

நெல்சன் நீலப் பேனாவில், கோடு போட்ட நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தான். நான் அதைத் திருத்தி நான்கு பக்கமாக அமைத்தேன். நான்காம் பக்கத்தில் ஒரு வரி வழிந்தது. எதை எடுக்கலாம் என்று பார்த்தபோது இது கண்ணில் பட்டது: "மழைக்காலத்தில் தொட்டியைக் காலி செய்யக் கூடாது. அடியில் ஊறும் தண்ணீர் தொட்டியையே மேலே தூக்கிவிடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மண்ணில் புதைத்த தொட்டி எழுந்து வருமாம். ஒரு கதையில் இப்படி வந்தால்கூட ஏற்கமாட்டேன். சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்து, ஓரத்தில் "நம்பும்படி இல்லை" என்று எழுதி, தேதியும் போட்டேன். தேதி போடுவது தொழில் பழக்கம்.

அதே பக்கத்தின் கடைசியில் நானே சேர்த்த ஒரு வரி இருந்தது: "நீரில் இறங்குங்கள், நாளின் பாரம் இறங்கட்டும்." அதை எடுத்திருந்தாலும் இடம் கிடைத்திருக்கும். அது அழகாக இருந்ததால் விட்டுவைத்தேன்.

அச்சுக்குப் போகும் முன் நெல்சனிடம் காட்டினேன். தொலைபேசி எண்ணை மட்டும் சரிபார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்குக்கா" என்றான். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

5

கார்த்திகை பிறந்து மூன்றாம் நாள் கோவிந்தசாமிக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

எடுத்த மறுநாள் வீடு கழுவினார்கள். இறந்தவரின் தங்கை தனக்கொடி நின்று பார்த்துச் செய்தார். சாவு விழுந்த வீட்டில் முன்பே பிடித்துவைத்த தண்ணீரை வைத்துக்கொள்ளக் கூடாது. குடம், அண்டா, வாளி எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். அந்தக் குடும்பத்தின் வழக்கம் அது.

முதல் வரைவில் தனக்கொடியைப் பிடிவாதக்காரியாக எழுதியிருந்தேன். வில்லி கிடைத்தால் கதாசிரியைக்கு நிம்மதி. பிறகு கிழித்துப் போட்டேன். அண்ணனைப் பறிகொடுத்த பெண், செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தார், அவ்வளவுதான்.

"அண்ணி, கொல்லையில ஒரு தொட்டி தண்ணி அப்படியே கெடக்குதே" என்றார் தனக்கொடி.

வயலுக்கு வைத்திருந்த பழைய மோட்டார் ஒன்று வீட்டில் இருந்தது. அதை உள்ளே இறக்கி, குழாயைத் தெருச் சாக்கடையில் விட்டார்கள். ஸ்விட்சை அஞ்சலாட்சிதான் போட்டார். அன்று முழுவதும் மழை.

மறுநாள் விடிந்து வாசல் பெருக்கும் நேரத்தில் கொல்லையில் படீரென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் சுற்றிலும் பதித்த டைல்ஸ் தெறித்துக் கிடக்க, தொட்டி ஒரு முழம் மேலே வந்து, ஒரு பக்கம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

6

ஒரு வாரம் அதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசவில்லை. அஞ்சலாட்சி சரியாகச் சாப்பிடாமல் கொல்லைக் கதவோரமே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, மகள் அபிதான் நெல்சனைக் கூப்பிட்டாள்.

நெல்சனுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. தண்ணீரை இறைத்தீர்களா என்று அவன் கேட்கக்கூட இல்லை.

"பாத்தியா தம்பி, அவரு கோவத்த?" என்றார் அஞ்சலாட்சி.

"கோவம் இல்லம்மா. ஊத்துத் தண்ணி. மழையில காலி பண்ணா இப்படித்தான் தூக்கும். ஐயா காலி பண்ணாலும் வேற யாரு பண்ணாலும் தூக்கும்."

"தெனம் அவரு பாத்துப் பாத்து வச்சிக்கினு இருந்த தண்ணி தம்பி அது. நெருப்பு ஆறல, அதுக்குள்ள அத சாக்கடையில உட்டேன். எங் கையாலதான் ஸ்விட்ச போட்டேன்."

நெல்சன் குழியோரம் குனிந்து, தொட்டிக்கு அடியில் தேங்கியிருந்த தண்ணீரைக் காட்டினான். "பெய்யிற மழ குழியில நிக்காதா?" என்றார் அவர்.

"அம்மா, நான் இத அப்பவே சொல்லியிருக்கேன். ஐயாவுக்குத் தெரியும்."

"அவருக்குத் தெரியும். அவர இப்ப யார் போயி கேக்குறது?"

நெல்சனுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. முகம் தெளிந்தது. "புஸ்தகத்துலயே போட்டிருக்கும்மா! அபி, அந்தப் புஸ்தகத்த எடுத்தாம்மா. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டு."

அபி எடுத்துவந்து படித்தாள். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். மூன்றாவதில் குரல் தயங்கியது. "'மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொட்டியை முழுவதும் காலி செய்து கழுவவும்.' காலி பண்ணணும்னுதான் போட்டிருக்குதுண்ணா."

"அது வெயில் காலத்துக்கு. அடுத்த பக்கம் பாரு. மழைக்காலம்னு இருக்கும்."

"இல்லண்ணா." திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கடைசியில 'நீரில் இறங்குங்கள், நாளின் பாரம் இறங்கட்டும்'னு இருக்குது. அவ்வளவுதான்."

நெல்சன் அவள் கையிலிருந்து வாங்கித் தானே தேடினான். அவனுக்குக் காது சுட்டது. இன்னொருவர் வீட்டில், துக்கத்தின் நடுவில், பொய்யனாக நின்றான்.

அஞ்சலாட்சி எழுந்துவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கோபமே இல்லை. "பரவால்ல தம்பி. எம்மனசு ஆறட்டும்னு சொல்ற. நீ நல்லா இருக்கணும். சனிக்கிழம வந்து தொட்டிய எடுத்துட்டு மண்ண போட்டு மூடிடு. அவரு அடங்கட்டும்."

வாசலுக்கு வந்ததும்தான் என்னைக் கூப்பிட்டான். நான் என்ன சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) நெல்சன் தொட்டியில் மறுபடி தண்ணீர் விடுகிறான். தொட்டி மெல்ல இறங்கிப் பழைய இடத்தில் உட்காருகிறது. அந்த அம்மா— நடக்காது. தூக்கிய இடத்தில் மணல் சரிந்து அடைத்துக்கொள்ளும் என்று அவனே சொல்லியிருக்கிறான்.

(ஆ) கோவிந்தசாமியின் சட்டைப்பையில் ஒரு துண்டுச் சீட்டு கிடைக்கிறது. அவர் கையெழுத்து. "மழையில் தொட்டியைக் காலி செய்யாதே." அபி படிக்க, அஞ்சலாட்சி அழுகிறார். இதை அரைப் பக்கம் எழுதினேன். எழுதும்போது நானும் அழுதேன். பிறகு வெட்கமாகிவிட்டது. என் தவற்றைச் சரிசெய்ய அந்த மனிதர் செத்த பிறகும் சீட்டு எழுத வேண்டுமா?

(இ) வெள்ளிக்கிழமை இரவு கழிகிறது. சனிக்கிழமை ஒன்பதரைக்கு சிந்தியா அந்த வீட்டு கேட்டைத் திறந்து, பையிலிருந்து நீல மை எழுத்தும் சிவப்புக் கோடும் போன வருஷத்துத் தேதியும் உள்ள அந்தத் தாளை எடுத்து, அஞ்சலாட்சியின்—

இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன். முடித்துவிட்டால் நாளைக்குப் போகமாட்டேன், என்னை எனக்குத் தெரியும். எழுதியதையெல்லாம் செய்துவிட்டதாக எண்ணிக்கொண்டு கைகழுவுகிற ரகம் நான்.

அதனால் முடிவு உங்களிடம். இதைப் படிக்கிற யாராவது கருவடிக்குப்பம் பக்கம் போனால், அந்த அம்மாவைப் பார்த்து, "தொட்டி ஏன் மேலே வந்தது?" என்று மெதுவாகக் கேளுங்கள். "ஊத்துத் தண்ணி" என்று சொன்னால் நான் போயிருக்கிறேன். "அவரு கோவம்" என்று சொன்னால் போகவில்லை.

என்னிடம் மட்டும் கேட்காதீர்கள். நான் நம்பும்படியாகவே சொல்வேன்.