மான் வாரத்துக் கேள்வி

சமையலறை மேஜைமேல் கிடந்த போனை ரெய்னோ கங்காஸ் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். நீதிபதி எந்த நிமிஷமும் கூப்பிடலாம். முப்பது வருஷமாகச் சாலை போடுகிறவன், கரடியை நேருக்கு நேர் பார்த்தவன், ஒரு போனுக்கா இப்படி நடுங்குவான்? நடுங்கினான். வெளியே முழங்கால் அளவு பனி. கொல்லையில், வீட்டைச் சூடாக்கும் எரிவாயுத் தொட்டி காலியாகிக்கொண்டே வந்தது. பழைய பாக்கியைக் கட்டாமல் வண்டி வராது என்று கம்பெனிக்காரன் கறாராகச் சொல்லிவிட்டான். மனைவி டார்லீனுக்கு இதய அறுவைசிகிச்சை ஆகி இரண்டு மாதம்கூட முடியவில்லை. வீடு குளிர்ந்தால் அவள் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எல்லாம் அவனே இழுத்துவிட்டுக்கொண்டது. மிச்சிகன் மாநிலத்தின் அந்த வடகோடியில் மண் உறைந்ததும் சாலை வேலை நின்றுபோகும். முதலாளி வெஸ் பெல்க்கி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவான். வசந்தம் வரை மாநிலம் தரும் வேலையிழப்புப் பணம்தான் வயிற்றைப் பார்த்துக்கொள்ளும். அதற்கு வாராவாரம் கணினியில் சில கேள்விகளுக்குப் பதில் அழுத்த வேண்டும். வேலை நின்ற கையோடு மான் வேட்டை தொடங்கிவிடும், பள்ளிக்கூடத்தையே பூட்டிவிட்டுப் போகிற வாரம் அது. முதலாளியும் ஆட்களும் சிக்னல் எட்டாத காட்டில் ஒரே குடிலில் கிடப்பார்கள். ‘எல்லா நாளும் வேலைக்குத் தயாராக இருந்தீர்களா?’ என்ற கேள்விக்கு அந்த வாரமும் ஆட்கள் எல்லோரும் ‘ஆம்’ என்றே அழுத்துவார்கள். அதைப் பொய் என்று அங்கே ஒருத்தரும் நினைத்ததில்லை.

ரெய்னோவுக்காக அதை அழுத்துகிறவள் டார்லீன். இந்த வருஷமும் தங்கையைத் துணைக்கு வைத்துக்கொண்டு, “நீ பக்கத்துல உக்காந்து பெருமூச்சு விட்டா நான் சீக்கிரமே போய்ச் சேர்ந்துடுவேன், கிளம்பு” என்று அவளேதான் அவனைக் காட்டுக்கு விரட்டினாள். திரும்பி வந்தபோது அவள் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனசில்லாமல் தானே கணினி முன் உட்கார்ந்தான் இந்த மகாபுத்திசாலி. ‘இல்லை. மான் வேட்டைக்குப் போயிருந்தேன்’ என்று எழுதி அனுப்பினான். பணம் நின்றது. மேல்முறையீடு செய்தான்; நீதிபதி போனிலேயே விசாரிப்பார் என்று கடிதம் வந்தது.

முந்தின நாள் வெஸ் வந்து கத்திவிட்டுப் போயிருந்தான். “டேய், வீட்டுலதான் இருந்தேன், தப்பா அழுத்திட்டேன்னு சொல்லித் தொலையேன்டா!”

“சத்தியம் பண்ணச் சொல்லுவாங்களே.”

“உன் சத்தியத்தை வச்சு வீட்டைச் சூடாக்க முடியுமா?”

போன் அடித்தது. டார்லீன் போர்வையோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். ரெய்னோ சத்தத்தைக் கூட்டிவைத்தான். நீதிபதி ஒரு பெண். குரலில் கோபமே இல்லை, அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது. முதலாளி என்ற முறையில் வெஸ்ஸும் அதே இணைப்பில் இருந்தான். சத்தியம் ஆயிற்று.

“மிஸ்டர் கங்காஸ், அந்த வாரம் எங்க இருந்தீங்க?”

‘வீட்டில்’ என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது.

“காட்டுலம்மா. வேட்டைக் குடில்ல.”

“வேலைக்குக் கூப்பிட்டா போன் வந்திருக்குமா?”

“வராதும்மா.”

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம். போச்சு, எல்லாம் போச்சு. டார்லீனின் வெளிறிய உதட்டைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

“அம்மா, நான் ஒண்ணு சொல்லலாமா?” வெஸ்ஸின் குரல். “அவனுக்கு வேலை குடுக்கறவனே நான்தான். அதே குடில்ல, அவனுக்கு மேல் கட்டில்ல குறட்டை விட்டுக்கிட்டு இருந்ததும் நான்தான். வேலைன்னு ஒண்ணு வந்திருந்தா காலால உதைச்சே எழுப்பியிருப்பேன்.”

தட்டச்சு நின்றது. “அப்போ நீங்களும் அங்க இருந்தீங்க?”

“நான் மட்டுமா? எங்க ஆளுங்க அத்தனை பேருமே...”

வெஸ் அப்படியே நிறுத்திக்கொண்டான். ரெய்னோவுக்குக் கூட வேலை செய்கிறவர்கள் ஞாபகம் வந்தது. லைல், கைக்குழந்தைக்காரன். டூவேன், போன மாதம்தான் வீடு வாங்கியவன். கிழவன் ஆர்வில். மூவரும் ‘ஆம்’ அழுத்தியவர்கள். பிடிபட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்டி, மேலே அபராதமும் கட்டி, மோசடிக்காரன் என்ற பேரும் எடுப்பார்கள்.

“அவங்களும் அந்த வாரம் பணம் வாங்கினாங்களா? மிஸ்டர் கங்காஸ், யார் யார் இருந்தாங்கன்னு நீங்க சொல்லுங்க.”

சத்தியம் பண்ணியாயிற்று. பொய் சொல்ல அவனுக்கு வராது என்பதைத்தான் ஊரே பார்த்துவிட்டதே. டார்லீனைப் பார்த்தான். அவள் கண்களில் நீர் முட்டி நின்றது. ‘வேண்டாம்’ என்று மெல்லத் தலையை ஆட்டினாள். வழக்கே இல்லையென்றால் பதிலும் சொல்ல வேண்டியதில்லை.

“அம்மா, நான் மேல்முறையீட்டை வாபஸ் வாங்கிக்கறேன்.”

“புரிஞ்சுதான் சொல்றீங்களா? நிறுத்தி வச்ச பணம் போனதுதான். புதுசா விண்ணப்பிக்கணும். எப்ப முடியும்னு என்னால சொல்ல முடியாது.”

“புரியுதும்மா.”

“சரி. விசாரணை முடிஞ்சுது,” என்றார் நீதிபதி. வேறு எதையும் கேட்கவில்லை.

வைத்த உடனே போன் மறுபடி அலறியது. வெஸ்தான். “பாவி, என்னடா பண்ணித் தொலைச்ச? நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்...” அழுதுவிடுவான் போலிருந்தது.

டார்லீன் போனைப் பிடுங்கினாள். “வெஸ், ஒப்பாரி வைக்காதே. உங்க குடிலைச் சூடாக்கற இரும்பு விறகடுப்பு ஒண்ணு இருக்கில்ல? அதைப் பேத்து இங்க கொண்டா. லைல், டூவேன், ஆர்வில், எல்லாரும் ஆளுக்கொரு வண்டி விறகோட வாங்க. இன்னைக்கே. இருட்டறதுக்குள்ள.”

போனை வைத்தாள். ரெய்னோ எழுந்துபோய் அவளது குளிர்ந்த கையைத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டான். அவன் கைகளும் சில்லென்றுதான் இருந்தன.